முதுகில் ஒரு கண்

கடவுள் மனிதனுக்கு இரண்டு கண்களைக் கொடுத்து, இரண்டையும் முகத்திலேயே வைத்துவிட்டார். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று சிறு வயதில் என் பாட்டியிடம் கேட்டேன். "மனுஷன் முன்னாலே போகப் பிறந்தவன்டா, பின்னாலே போகிறவனுக்குத்தான் பின்னாலே கண் வேணும்" என்றாள் பாட்டி. அந்தப் பதில் வெகு காலம் எனக்குத் திருப்தியாகவே இருந்தது. சொந்தமாக ஒரு கார் வாங்கி, அதை இராத்திரி வேளையில் பின்னோக்கி ஓட்ட வேண்டி வந்தபோதுதான், பாட்டி சொன்னதில் இரண்டாவது பாதியை நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

அதைத் தெரிந்துகொண்ட இடம் திருப்பூர். சில வருஷங்களுக்கு முன், தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு சிநேகிதர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவர் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. இரு பக்கமும் பனியன் கம்பெனிகள். தீபாவளி சமயத்தில் திருப்பூருக்கு இராத்திரி என்பதே கிடையாது. பதினோரு மணிக்கும் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஷிப்டு முடிந்த பெண்கள் கையில் சாப்பாட்டுத் தூக்குடன் மழைத் தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சந்தின் கோடியில் ஒரு சுவர். காரைத் திருப்ப இடமில்லை. நூறு அடி பின்னாலேயே போனால்தான் தெருவை அடையலாம்.

என் கார் புதிய ரகம். பின்னோக்குக் கியரைப் போட்டதும், பின்னால் உள்ளதெல்லாம் முன்னால் ஒரு சின்னத் திரையில் படமாக வரும். எதையாவது நெருங்கினால் 'பீப் பீப்' என்று எச்சரிக்கை கேட்கும். ஆகையால் நான் கழுத்தைத் திருப்பாமல், ராஜா மாதிரி உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் விட்டேன். திரையில் மழைத் துளி படிந்த மங்கலான சந்து தெரிந்தது. நடுவே சில மூட்டைகள் தெரிந்தன. வெட்டுத் துணி வேஸ்ட் மூட்டைகள் அந்தச் சந்தில் வாசலுக்கு வாசல் கிடக்கும். அவற்றை ஒதுக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எச்சரிக்கைச் சத்தமும் வரவில்லை. போய்க்கொண்டே இருந்தேன்.

'படார்' என்று காரின் முதுகில் ஓர் அறை விழுந்தது. "நிறுத்துங்க சார்! நிறுத்துங்க! பின்னாடி ஆளு படுத்திருக்குதுங்க!" என்று ஒரு குரல் அலறியது. என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

இறங்கிப் பார்த்தேன். பக்கத்துக் கம்பெனி வாசலில் நின்ற டெம்போவின் கிளீனர் பையன் ஒருவன், என் காரின் பின்புறத்தில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால், சக்கரத்திலிருந்து மூன்று அடி தூரத்தில், வேஸ்ட் மூட்டைகளின் மேல் ஒரு கிழவர் படுத்திருந்தார். அவர் போர்த்தியிருந்ததும் பனியன் துணிதான். என் திரையில் மூன்று மூட்டைகளாகத் தெரிந்தவற்றில் ஒன்று அவர்.

கிழவர் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி போகோணுங்களா? இருங்க, ஒதுங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தம் மூட்டையைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வழியை மறித்ததற்காக அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்னால் பார்ப்பதற்கு மனிதன் என்னென்ன செய்திருக்கிறான், அத்தனையும் செய்த பிறகும் அந்தப் பையனுடைய கை எதற்காக வேண்டியிருந்தது என்ற கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. அப்புறம் கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். அந்தக் கதையைத்தான் வாசகர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தச் சங்கடம் அநேகமாகக் கிடையாது. காங்கயம் காளை எவ்வளவு பாரமானாலும் இழுக்கும். ஆனால் பின்னால் போகச் சொன்னால் நாலு அடி வைப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு மேல் வேண்டுமானால் மாட்டை அவிழ்த்துவிட்டு, நாலு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ள வேண்டியதுதான். தள்ளுகிற நாலு பேருக்கும் எட்டுக் கண்கள் உண்டு.

அந்த வண்டிகளில் இன்னொரு விசேஷத்தையும் கவனிக்க வேண்டும். பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் திருப்பூர்ச் சந்தையை நோக்கி வரும் வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். வண்டிக்காரருக்கு அந்த விளக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மாட்டுக்கு வழி தெரியும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பின்னால் வருகிறவர்கள் வண்டியைப் பார்த்து விலகிப் போகட்டும் என்பதற்காகவே அந்த விளக்கு. தனக்காக அல்லாமல் பிறருக்காக ஏற்றிய விளக்கு அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதையில் அப்படிப்பட்ட விளக்கை வெகு நேரம் தேட வேண்டியிருக்கும்.

1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் பெட்ரோலில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்குப் பேடன்ட் உரிமை பெற்றார். உலகத்து மோட்டார் கார்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன் என்று சொல்வார்கள். அந்த வண்டிக்குப் பின்னோக்குக் கியரே கிடையாது! பின்னால் போக வேண்டுமானால் இறங்கித் தள்ள வேண்டும். பென்ஸின் வண்டி இந்த விஷயத்தில் காங்கயம் காளைக்குத் தம்பி.

இங்கிலாந்திலோ, அதற்கு முன்பே 1865இல் நீராவி வண்டிகளுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். வண்டிக்கு அறுபது கஜம் முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும் என்றது சட்டம். முன்னால் வருகிறவர்கள் மேல் அவ்வளவு கரிசனம்! வண்டிக்குப் பின்னால் ஒருவன் நிற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1896இல் மோட்டார் வண்டிகளுக்கு அந்தக் கட்டுப்பாடுகள் நீங்கியபோது, முன்னால் நடந்த மனிதனும் தேவையில்லாமல் போய்விட்டான்.

பின்னோக்குக் கியர் வந்த பிறகு மனிதன் அதை எதற்கெல்லாமோ உபயோகித்தான். அமெரிக்காவில் 1908இல் வந்த ஃபோர்டு 'டி' மாடல் காரில் பெட்ரோல் தன் பாரத்தினாலேயே இன்ஜினுக்கு இறங்கி வரவேண்டும். டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் இன்ஜின் உயர்ந்துவிடும், பெட்ரோல் எட்டாது. அப்பொழுது சாமர்த்தியசாலிகள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கிக் கியரில் போட்டு மேட்டில் ஏறுவார்களாம். கழுத்தை வளைத்துக்கொண்டு, முதுகு காட்டி மலை ஏறுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள்.

பின்னால் பார்க்க ஒரு கண்ணாடி வைத்துக்கொள்ளலாமே என்று முதன் முதலில் புத்தகத்தில் எழுதியவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. இங்கிலாந்தில் கார்ப் பந்தயங்களில் பேர் வாங்கிய டாரதி லெவிட், 1909இல் பெண்களுக்காக மோட்டார் ஓட்டுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆசனத்தின் அடியில் உள்ள அறையில் ஒரு சின்னக் கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், முகம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, நெருக்கடியான தெருவில் அதைச் சற்றே உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருகிறவர்களையும் பார்க்கலாம் என்பது அவருடைய யோசனை. பெண்களின் கைக்கண்ணாடியைக் கேலி செய்கிற ஆண்பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து வருவதுதான் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான கட்டம். 1911ஆம் வருஷம் மே மாதம் 30ஆம் தேதி, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்னும் ஊரில் ஐந்நூறு மைல் கார்ப் பந்தயம் முதல் தடவையாக நடந்தது. அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் ஓட்டுகிறவர். மற்றவர் மெக்கானிக். பின்னால் யார் முந்த வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சொல்வது மெக்கானிக்கின் வேலைகளில் ஒன்று. ரே ஹாரவுன் என்ற வீரர் மட்டும் பாரத்தைக் குறைப்பதற்காக மெக்கானிக் இல்லாமல், ஒற்றை ஆசனக் காரில் வந்து நின்றார். "பின்னால் பார்க்க ஆளில்லாமல் ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்து" என்று எதிராளிகள் ஆட்சேபித்தார்கள். ஹாரவுன் தமக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்திக் காட்டினார். சில வருஷங்களுக்கு முன் சிகாகோ தெருவில் ஒரு குதிரை வண்டியில் அப்படி ஒன்றைப் பார்த்தது அவருக்கு நினைவிருந்தது. அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். பந்தயத்தில் ஹாரவுனே ஜெயித்தார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் பந்தய மைதானத்தின் தரை செங்கல் பாவியது. கார் ஓடும்போது கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியதில் தமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று பிற்காலத்தில் ஹாரவுனே சொல்லிவிட்டார். ஆகவே விஷயம் இதுதான்: பின்னால் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதனை இறக்கிவிட்டு, அவனுடைய இடத்தில் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். அந்தக் கண்ணாடிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அது இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லாரும் திருப்தி அடைந்தார்கள். திருப்பூர்ச் சந்தில் நான் அடைந்த திருப்தியும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான்.

1921இல் எல்மர் பெர்ஜர் என்ற அமெரிக்கர் கார்களுக்குப் பின்னோக்குக் கண்ணாடி செய்து விற்கப் பேடன்ட் வாங்கினார். அவர் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'போலீஸ்காரனைக் கண்டுபிடிப்பான்' என்பது அதன் பொருள். வேகமாக ஓட்டுகிறவரைத் துரத்தி வரும் போலீஸ்காரரை முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்பது வியாபார ரகசியம். பந்தயத்தில் முந்த வருகிறவனைப் பார்க்க ஒரு கண்ணாடி, பிடிக்க வருகிறவனைப் பார்க்க ஒரு கண்ணாடி! நம்மால் யாருக்கு ஆபத்து என்று பார்ப்பதற்கு இதுவரை ஒன்றும் பிறக்கவில்லை.

அதே காலத்தில் நம் கொங்கு நாட்டில் என்ன நடந்தது? 1920இல் கலங்கல் கிராமத்து ஜி. டி. நாயுடு ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்ததுதான் புகழ்பெற்ற யு.எம்.எஸ். கம்பெனி. 1925இல் குலாம் காதர் திருப்பூரில் முதல் பனியன் தொழிற்சாலையைத் தொடங்கினார் என்பது ஊரார் பெருமையுடன் சொல்லும் செய்தி. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, சரக்குப் பெருகியது, சரக்கை ஏற்ற லாரிகள் பெருகின. தெருக்களோ மாட்டு வண்டிக்காகப் போட்டபடியே இருந்தன. இரண்டு வண்டிகள் உரசாமல் போகப் போதுமான சந்துக்குள் லாரி நுழைந்தால், வெளியே வர ஒரே வழிதான் உண்டு. அது பின்பக்க வழி.

இந்தச் சங்கடத்துக்கு நம்மவர்கள் கண்ட பரிகாரம் கண்ணாடி அல்ல, மனிதன். கிளீனர் என்று அவனுக்குப் பெயர். வண்டியைத் துடைப்பதற்காக வந்த பெயர் அது. ஆனால் அவன் செய்த பெரிய வேலை, வண்டியின் முதுகில் கண்ணாக இருந்தது. அதற்கென்று ஒரு பாஷையே உண்டாயிற்று. "வரட்டும், வரட்டும்... ரைட்டுல ஒடிச்சு வா... இன்னும் வரட்டும்... ஓல்டான்!" என்பான். 'ஹோல்டு ஆன்' என்ற இங்கிலீஷ் வார்த்தைகள் தேய்ந்து தேய்ந்து நம் பஸ் நிலையங்களில் அப்படி ஆகிவிட்டன. குரல் எட்டாத இடத்தில் வண்டியின் பக்கவாட்டைக் கையால் தட்டுவான். பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் விசில் ஊதுவார். இரவானால் கையில் ஒரு டார்ச் விளக்கு. ஓட்டுகிறவர் பின்னால் பார்ப்பதே இல்லை. அந்தக் குரலைத்தான் பார்ப்பார்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது இந்தக் குரலின் அருமை இன்னும் அதிகமாகியிருக்க வேண்டும். அப்பொழுது பஸ்கள் கரி வாயுவில் ஓடின. மதுரை டி. வி. எஸ். நிறுவனத்தாரே அதற்கான சாதனத்தைச் செய்து கொடுத்தார்கள். கரி எரியும் உருளைகளைப் பல வண்டிகளில் பின்புறத்தில்தான் கட்டினார்கள். பின்னால் இருந்த கொஞ்சநஞ்ச ஜன்னலையும் அடுப்பு மறைத்துக்கொண்டது. கண்டக்டரும் கிளீனரும் இல்லாவிட்டால் அந்த வண்டிகளை இராத்திரியில் ஓர் அடி பின்னால் நகர்த்த முடியுமா?

கிளீனரைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. வண்டி எந்த இடத்துக்கு வருகிறதோ அந்த இடத்தில்தான் அவன் நிற்கிறான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் அகலம் இருக்கும். ஓட்டுகிறவரின் கால் சற்றே வழுக்கினால் அதுவும் இராது. "கண்ணாடியிலே உன் முகம் எனக்குத் தெரியணும், தெரியாத இடத்திலே நிக்காதே" என்பது அநுபவசாலியான டிரைவர் பையனுக்குச் சொல்லும் முதல் பாடம். பிறரைக் காப்பாற்றுவதற்கு நாம் அமர்த்திய கண், எல்லாரிலும் அதிக ஆபத்தில் நின்ற கண். கூலியோ எல்லாரிலும் குறைவு. அந்த முறை நல்ல முறை என்று கொண்டாட எனக்கு வாய் வரவில்லை. அது வேலை செய்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இனி விளக்கின் கதை. வண்டிக்குப் பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை என்பது உலகமெங்கும் உள்ள ஏற்பாடு. இருட்டில் சிவப்பைக் கண்டால் 'வண்டி போகிறது', வெள்ளையைக் கண்டால் 'வண்டி வருகிறது' என்று தெரிந்துகொள்கிறோம். சிவப்பு விளக்கு நம்மைப் பிறருக்குக் காட்டுமே தவிர, பின்னால் கிடப்பதை நமக்குக் காட்டாது. ஆகவே பின்னோக்குக் கியரைப் போட்டால் மட்டும் எரியும் வெள்ளை விளக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். 1920களிலேயே சில கார்களில் அது தலைகாட்டியது. எல்லாருக்கும் கட்டாயம் என்று அமெரிக்காவில் ஆனது 1960களின் இறுதியில்தான். 1968இல் வியன்னாவில் நடந்த சர்வதேசச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலும் அதற்கு இடம் கிடைத்தது. இந்த விளக்கில் ஒரு நல்ல குணம் உண்டு. பின்னால் இருப்பதை ஓட்டுகிறவருக்குக் காட்டுகிறது. வண்டி வருகிறது என்று பின்னால் இருப்பவருக்கும் சொல்கிறது. மாட்டு வண்டியின் அரிக்கேன் விளக்குக்கு வாரிசு கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று. தூங்குகிறவருக்கு மட்டும் அது ஒன்றும் சொல்லாது.

விளக்கு இருந்தாலும் கண்ணாடி கறுப்பானால் என்ன பயன்? வெயிலுக்கும் பிறர் பார்வைக்கும் அஞ்சி, கார் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டும் வழக்கம் நம் நாட்டில் பரவியது. முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் நூற்றுக்கு 70 பங்கு வெளிச்சத்தையாவது உள்ளே விடவேண்டும் என்று 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லியிருந்தன. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு அந்தத் தாள்களைக் கிழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கோர்ட்டார் முக்கியமாக நினைத்தது குற்றங்களைப் பற்றி. ஆனால் கறுப்புத் தாள் ஒட்டிய காரை மழை இரவில் பின்னால் எடுத்துப் பார்த்தவருக்கு வேறொரு நியாயமும் தெரிந்திருக்கும்.

டெலிவிஷன் வந்ததும் அதையும் காரின் முதுகில் வைத்துப் பார்க்க ஆசை பிறந்தது. 1956இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் காட்சிக்கு வைத்த பியூக் செஞ்சூரியன் என்ற காரில் பின்னோக்குக் கண்ணாடி இல்லை. வாலில் ஒரு காமிராவும், முன்னால் ஒரு திரையும் இருந்தன. ஜனங்கள் பார்த்து அதிசயித்தார்கள். அதிசயம் விற்பனைக்கு வர முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. 1991இல் ஜப்பானில் டொயோட்டாக்காரர்கள் சோரர் என்ற காரில் அதைக் கொண்டுவந்தார்கள்.

'பீப் பீப்' சத்தத்தின் பிறப்பு இன்னும் சுவையானது. நம் காதுக்கு எட்டாத கூரிய ஒலியை வெளியிட்டு, அது எதிலாவது மோதித் திரும்பி வருவதைக் கேட்டு, இருட்டில் வழி அறிகிறது வௌவால். இதே தந்திரத்தால் பார்வையற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி செய்யலாம் என்று இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டோனி ஹேய்ஸ் என்ற விஞ்ஞானி 1970களில் ஆராய்ந்தார். அதையே காரின் முதுகிலும் வைக்கலாம் என்பது அவர் கண்ட அடுத்த உபயோகம். ஜப்பானில் 1982இலேயே ஒரு டொயோட்டா காரில் இத்தகைய சாதனம் வந்துவிட்டது. கண் தெரியாதவரின் ஊன்றுகோலைத்தான் நாம் காருக்குக் கொடுத்திருக்கிறோம். பின்னால் போகும் கார் குருடு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த ஊன்றுகோல் திருப்பூரில் ஏன் ஊமையாகிவிட்டது? விடை கிடைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுவரிலும் இரும்பிலும் மோதினால் ஒலி நன்றாகத் திரும்பி வரும். பஞ்சிலும் துணியிலும் மோதினால் பெரும்பகுதியை அவை விழுங்கிவிடும். தரையோடு தரையாகக் கிடப்பவை ஒலியின் பாதைக்குக் கீழே தப்பிவிடுவதும் உண்டு. பனியன் துணி போர்த்திக்கொண்டு, துணி மூட்டையின் மேல், தாழப் படுத்திருந்த மனிதர் என் காருக்கு இல்லாத மனிதர் ஆகிவிட்டார். காமிராவோ அவரைக் காட்டத்தான் செய்தது. மூட்டை என்று தீர்மானித்தவன் நான். ஊரெல்லாம் துணியாக இருக்கும் ஊரில், துணிக்குள் மனிதன் இருப்பான் என்று நினைக்காதது யாருடைய குற்றம்?

பின்னால் நிற்கிறவனுக்காக என்று ஒரு சட்டம் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் அமெரிக்காவில் ஓர் அக்டோபர் இரவு, குழந்தை வைத்தியர் ஒருவர் தம் வீட்டு வாசலில் பெரிய கார் ஒன்றைப் பின்னோக்கி நிறுத்தினார். அவருடைய இரண்டு வயது மகன் அவரைத் தேடி ஓடி வந்ததை அவர் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிவதற்குக் குழந்தைக்கு உயரம் போதவில்லை. எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்கவைத்த கையால் இப்படி ஆயிற்று. அந்தத் தகப்பனாரும் அவரைப் போன்ற மற்றவர்களும் ஓயாமல் மன்றாடியதன் பேரில், 2008இல் அந்தக் குழந்தையின் பெயராலேயே, கேமரன் குல்பிரான்சன் சட்டம் என்று ஒன்று கையெழுத்தாயிற்று. சட்டம் விதியாக மாறி, எல்லாப் புதிய கார்களிலும் பின்னோக்குக் காமிரா கட்டாயம் என்று ஆனது 2018 மே மாதத்தில். வண்டிக்குப் பின்னால் பத்தடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள தரை திரையில் தெரிய வேண்டும் என்று அளவும் வைத்தார்கள். அந்த நாட்டில் பின்னோக்கி வரும் வண்டிகளால் வருஷத்துக்குச் சராசரி 210 பேர் இறக்கிறார்கள் என்று அப்போது அரசாங்கம் கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கால் பங்கு எழுபது தாண்டியவர்கள். மகனும் பாட்டனும்! வீட்டுக்காரர்களையே வீட்டு வண்டி விழுங்குகிறது.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய கார்களிலெல்லாம் பின்புறம் ஒலிக் கருவி இருக்க வேண்டும் என்று ஆயிற்று. நல்ல விஷயந்தான். ஆனால் அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1989இல் வந்த சாலை ஒழுங்குமுறையில் ஒரு வாசகம் இருந்தது. அதன் கருத்து இது: பிறருக்கு ஆபத்தோ தொல்லையோ நேராது என்று ஓட்டுகிறவர் முதலில் தம் மனத்துக்குத் திருப்தி செய்துகொள்ளாமல் வண்டியைப் பின்னால் செலுத்தக் கூடாது, திருப்புவதற்குத் தேவையான தூரத்துக்கு மேலும் போகக் கூடாது. தூரத்தைப் பொறுத்த வரையில் ரோடு ரோலருக்கு மட்டும் விலக்கு உண்டு! 2017இல் அந்த ஒழுங்குமுறைகளைப் புதிதாக எழுதிவிட்டார்கள். எனக்கு என்னவோ பழைய வாசகத்தில் உள்ள அந்த 'மனத் திருப்தி'யை மறக்க முடியவில்லை. கண்ணாடியோ காமிராவோ திருப்தியடைய வேண்டும் என்று அதில் இல்லை. ஓட்டுகிறவன் அடைய வேண்டும்.

திருப்தி எப்படி வரும்? வெகு நாள் லாரி ஓட்டிய ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் சொன்னவற்றில் ஒன்றுக்கும் பெரிய செலவில்லை. போகும்போதே, வெளிச்சம் இருக்கும்போதே, பின்னோக்கி நுழைந்து நிறுத்திவிட்டால், இருட்டில் முகம் காட்டி வெளியே வரலாம். காமிராக் கண்ணையும் பின் விளக்கையும் பின் கண்ணாடியையும் ஈரத் துணியால் ஒரு தரம் துடைக்க வேண்டும். உள் விளக்கை அணைத்து, இருட்டுக்குக் கண் பழக ஒரு நிமிஷம் கொடுக்க வேண்டும். ரேடியோவை நிறுத்தி ஜன்னலை இறக்க வேண்டும்; கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. "இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்குதுங்க" என்று கடைசியில் சொன்னார். "இறங்கிப் போய் ஒரு சுத்துச் சுத்திப் பாத்துப்போட்டு ஏறோணும். நாங்க அதைச் செய்யறதுக்குத்தான் ஒரு பையனை வெச்சிருந்தோம்."

இப்பொழுது பல டெம்போக்களில் பையன் இல்லை. ஆள் கூலி கட்டுபடியாகவில்லை என்கிறார்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்கும் பிழைப்பிலிருந்து அவன் தப்பியிருந்தால் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் அவனை இறக்கிவிட்ட இடத்தில் ஹாரவுனுடைய கண்ணாடியைப்போல் எதையோ வைத்துவிட்டு, அவன் பார்த்ததையெல்லாம் அது பார்க்கும் என்று நம்புகிறோமே, அங்கேதான் பயமாக இருக்கிறது.

போன வருஷம் அந்தச் சிநேகிதர் வீட்டுக்கு மறுபடியும் போனேன். அந்தக் கிளீனர் பையனைப் பற்றி விசாரித்தேன். பக்கத்துக் கம்பெனி இடம் மாறிவிட்டது. அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. கிழவரையும் காணவில்லை. சுவரோரத்தில் வேஸ்ட் மூட்டைகள் மட்டும் வழக்கம்போல் கிடந்தன.

புறப்படும்போது மணி பத்தரை. காரில் ஏறி உட்கார்ந்தேன். பின்னோக்குக் கியரைப் போட்டேன். திரை பளிச்சென்று எரிந்தது. சந்து காலியாக இருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. கியரை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். "என்ன, எதையாவது மறந்துவிட்டீர்களா?" என்று சிநேகிதர் வாசலிலிருந்து கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், ஒவ்வொரு மூட்டையையும் கையால் தொட்டுப் பார்த்தேன். மூட்டைதான். பிறகு ஏறி, வண்டியை எடுத்தேன்.